பிள்ளை காருக்கு எண்ணெய் வைத்த ஞாயிறு

1

ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வெறுங்காலோடு நடக்கிறேன் என்பது தெரிந்தது. தார் இன்னும் சுட்டது. தோளில் ஒரு ஜோடி தோல் பூட்ஸ், கயிறுகளை ஒன்றாக முடிந்து தொங்கவிட்டிருந்தேன். அது என்னுடையதல்ல; என் முதலாளி பிள்ளையின் மகன் ராஜாவினுடையது. என் செருப்பைக் காலையில் காரின் பின் இருக்கைக்கு அடியில் கழற்றிப் போட்டிருந்தேன். கார் இப்போது ஊருக்கு வடக்கே ஒரு சிமெண்டுக் கால்வாய்க்குள் மூக்கைக் கொடுத்துக் கிடந்தது. செருப்பும் அதற்குள்தான்.

காஜா பெராங்கில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய் என் தகரப் பெட்டியை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எங்கே என்று யோசிக்கவில்லை. யோசிக்காமல் கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். அறந்தாங்கியில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பினேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் என்று சுற்றி மறுபடி வடக்கே திரும்பி மலாக்காவில் நின்றேன். எல்லா இடத்திலிருந்தும் நானாகத்தான் புறப்பட்டேன். போ என்று சொல்லி அனுப்பப்பட்டது இந்த ஒரு இடத்திலிருந்துதான்.

பிள்ளை வீட்டுப் பின்கட்டில் ஒரு கட்டில், அந்த வீட்டுச் சோறு, ஓட்டுவதற்கு ஒரு கார். இதுதான் இரண்டு வருடமாக என்னிடம் இருந்தது. கார் காலையிலேயே போயிற்று. லைசென்ஸும் போய்விடும் என்று கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் மதியம் சொன்னார். கட்டிலும் சோறும் மட்டும் மிஞ்சியிருந்தன. சற்று முன் வார்டில் பிள்ளையின் தலைமாட்டில் நின்று நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அதோடு அவையும் போயின.

2

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து ஏழெட்டு வருடங்கள் ஆன பிறகு இதை எழுதுகிறேன். சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் நடந்த கதை. இத்தனை நாள் எழுதத் தோன்றவில்லை. மறுபடி லைசென்ஸ் வாங்கி இப்போது மரக்கடை லாரி ஓட்டுகிறேன்; போன வாரம் பலகை ஏற்றிக்கொண்டு, காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டி வழியாகப் போனேன். பிள்ளை வீட்டு வாசலில் வேறொரு கார் நின்றது. நான்கு கதவும் திறந்திருந்தன. ராஜா மண்டியிட்டு உள்ளே குனிந்து, கிண்ணத்திலிருந்து சாம்பலை அள்ளி பிரேக் பெடலில் போட்டுத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாரோங்கின் ஒரு பக்கத்தை முழங்காலுக்குக் கீழே மடித்துச் செருகியிருந்தார். அந்தப் பக்கம் கால் கிடையாது.

லாரியை நிறுத்தவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு, பிள்ளை பிறந்த இந்த மலாக்காச் செட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் செட்டியார்கள் அல்ல. எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்த வணிகர்களின் வாரிசுகள். இந்த மண்ணிலேயே பெண் எடுத்து, இங்கேயே நிலைத்துவிட்டார்கள். பேசுவது மலாய், அதிலும் அவர்களுடைய தனி மலாய். உடுப்பதும் சமைப்பதும் மலாய்க்காரர்களைப் போல. ஆனால் கோவில்கள் நம் கோவில்கள். பூசை, விபூதி, படையல் என்ற சொற்கள் அவர்கள் வாயில் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சுற்றி இருந்த தமிழ் உதிர்ந்துவிட்டது.

கப்பலில் நேற்று வந்து இறங்கிய நம் ஆட்களுக்கு இது ஒரு வேடிக்கை. ஆற்றோரக் கடைகளில் உட்கார்ந்து, "பேரு பிள்ளை, பேச்சு மலாய்" என்று சிரிப்பார்கள். பிள்ளை காதுபடவே சிரித்திருக்கிறார்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியும். என்னை வீட்டில் வைத்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கோவிலில் கேட்ட பாட்டில் ஏதாவது ஒரு சொல்லை மனதில் பிடித்து வந்து, ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாக என்னிடம் கேட்பார். பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது. தெரிந்ததைச் சொல்வேன்.

இன்று செமாபோக்கில் எனக்கும் ஒரு வீடு, ஒரு மகள். தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்கிறாள். நேற்று அவளுடைய பள்ளிச் சேர்க்கைக்காக ஆபீசில் நின்றேன். நீ எங்கே பிறந்தாய் என்று குமாஸ்தா என்னைக் கேட்டார். அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு குக்கிராமம் என்றேன். அது எந்த ஜில்லா, அதற்கு என்ன சான்று என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்குள் என் மகள் அவரிடம் மலாயில் தன் பெயரையும் தெருவையும் சொல்லி முடித்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தே மற்றதையும் கேட்டார். இனி யாரைப் பார்த்து நான் சிரிப்பது.

3

பிள்ளையின் கார் ஒரு சாதாரணக் கார். சாம்பல் நிறம், நான்கு கதவு. கடைத்தெருவில் பத்துக்கு ஆறு கார் அப்படித்தான் இருக்கும். அதை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம், கோர்ட்டு, பிரசவம் என்று சவாரி வரும். அப்போது ஜோகூர் பக்கம் காடுகளில் கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. ரப்பர் தோட்டத்துத் துரைகளை வழியில் மடக்கிச் சுடுவார்கள். ஒரு ரப்பர் கம்பெனி தன் அதிகாரி ஒருவரை அந்தப் பக்கத் தோட்டங்களுக்கு அழைத்துப் போக மாத ஒப்பந்தத்தில் கார் தேடியது. ஒரே ஒரு நிபந்தனை. காரும் டிரைவரும் கேப்டனின் பள்ளிக்கூடத்தில் தேறியிருக்க வேண்டும்.

கேப்டன் என்பவர் பட்டாளத்தில் வாகனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். ரப்பர்க் காட்டுக்கு நடுவே கைவிடப்பட்ட ஒரு விமானத் திடலில் ஞாயிறுதோறும் வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சுட்டால் எப்படித் தப்புவது, மரம் வெட்டிப் போட்டிருந்தால் எப்படிப் பின்னால் எடுத்துத் திருப்புவது, சறுக்கினால் எப்படிப் பிடிப்பது. அங்கே வருபவை இளம் துரைகளின் தாழ்வான பந்தயக் கார்கள். எஞ்சினின் முன்மூடியைத் தோல்வாரால் கட்டியிருப்பார்கள். வாடகைக் கார் ஒன்று அங்கே போனதே இல்லை.

ஒப்பந்தம் கிடைத்தால் பிள்ளை இன்னொரு கார் வாங்குவார். அதை ராஜா ஓட்டுவான். எனக்கு இது நிலையான வேலை. ஒரே இடத்தில் இருந்துவிடலாமா என்று நான் வாழ்க்கையில் முதன்முறையாக நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

திடலுக்குப் போக வேண்டிய அந்த ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வந்தபோது கார் வாசலில் தயாராக நின்றது. சாமந்தி மாலை, சந்தனம், குங்குமம். டயர் நான்கும் கறுப்பாகப் பளபளத்தன. புது டயர் மாதிரி இருக்கிறதே என்றேன். பிள்ளை வெட்கத்தோடு சிரித்தார். திடல் வரை தானே ஓட்டி வருவேன் என்றார். அவர் மாட்டு வண்டிக்காரரின் மகன். கார் ஓட்டும்போதும் மாட்டுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல ஓட்டுவார். பிரேக்கை அழுத்தி மிதித்து நான் பார்த்ததில்லை. நான் ராஜாவின் பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வெறுங்காலோடு யாரும் ஓட்டக் கூடாது என்பது பள்ளிக்கூடத்து விதி. நான் அதுவரை பூட்ஸ் போட்டு ஓட்டியதில்லை. காருக்குள் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. பிள்ளையின் தலையில் எப்போதும் வரும் வாசனைதான்.

4

திடலுக்குப் போகும் செம்மண் பாதையில் டயரின் பளபளப்பு புழுதியில் மறைந்துவிட்டது. கேப்டன் காரைச் சுற்றி வந்தார். மாலையைக் கழற்றச் சொன்னார். வெற்றிலைப் பெட்டி, தண்ணீர் போத்தல், உருளக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்றார். பெத்ரோ என்று ஒரு மெக்கானிக், உஜோங் பாசிரில் இருக்கும் போர்த்துகீசிய வம்சத்து ஆள், முன்மூடியைத் திறந்து பிரேக் எண்ணெயின் அளவைப் பார்த்தான். நல்லபடியாக இருக்கிறது என்றான். கேப்டன் சொல்வதை மலாயில் எங்களுக்குச் சொன்னதும் அவன்தான். கல்யாண வண்டி வந்திருக்கிறது என்று துரைகள் சிரிப்பதையும் சேர்த்தே சொன்னான்.

பிள்ளை நிமிர்ந்து நின்றார். என் கார், நானும் உள்ளே உட்காருவேன் என்றார். கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார்.

காலி எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து போக வேண்டும். இரண்டாம் முறையே ஒன்றையும் தொடாமல் போய்விட்டேன். பிறகு வேகமாகப் பின்னால் வந்து சட்டென்று மூக்கைத் திருப்பும் பாடம். ஈப்போவில் மர லாரி ஓட்டியபோது மலைப்பாதையில் பின்னால் வந்து வந்தே பழகியவன் நான். பந்தயக் கார்க்காரர் ஒருவரைவிட நன்றாகச் செய்தேன். கேப்டன் தலையை ஒருமுறை அசைத்தார். பக்கத்தில் பிள்ளை கதவுப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கடைசிப் பாடம் நிறுத்துவது. முழு வேகத்தில் வர வேண்டும். பெத்ரோ கொடியை இறக்குவான். அந்த இடத்திலேயே முழுப் பலத்தோடு மிதித்து நிறுத்த வேண்டும். அதுவரை நான் பிரேக்கை மெதுவாகத்தான் தொட்டிருந்தேன். கொடி இறங்கியது. இடுப்பின் பலமெல்லாம் கொடுத்து மிதித்தேன். பூட்ஸின் தோல் அடிப்பாகம் பெடல் ரப்பரில் பிடிக்கவில்லை. கால் சறுக்கி வலப்பக்கம் போய் ஆக்சிலேட்டரில் விழுந்தது. நிற்க வேண்டிய இடத்தில் கார் துள்ளிக்கொண்டு பாய்ந்தது. பெத்ரோ விலகிக் குதித்தான். திடல் முடிகிற இடத்தில் ஓரமாகச் சிமெண்டுக் கால்வாய். கார் அதில் மூக்கைக் குத்த, முன்பக்கம் பிள்ளையின் கால்களின் மேல் மடங்கிக்கொண்டு வந்தது.

அவரை வெளியே எடுக்க வெகுநேரம் பிடித்தது. அவர் கத்தவில்லை. மாலை எங்கே என்று மட்டும் கேட்டார்.

பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் தெரிந்தது. டிரைவர் பயந்துபோய் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டான். கேப்டன் அதைத்தான் சொன்னார், கோபமில்லாமல் சொன்னார். இவனிடம் லைசென்ஸ் இருக்கக் கூடாது, ஆபீசுக்குத் தெரிவிப்பேன் என்றார். என் கால் வழுக்கியது என்றேன். வழுக்கியது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள் என்று பெத்ரோ அவர் பதிலை மலாயில் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். வலது அடிப்பாகம் கறுத்து மினுங்கியது. விரலால் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

5

அறந்தாங்கியில் நான் பஸ் கிளீனராக இருந்தேன். யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அந்தப் புகையில் வண்டி ஓடும். நான்தான் கரி போட்டு, விசிறியைச் சுற்றி, முகம் கறுத்துக் கிடப்பேன். ஆயுத பூசையன்று முதலாளி வண்டி முழுக்க எண்ணெய் வைப்பார். டயர், மரச்சட்டம், ஹாரன் ரப்பர், பெடல் ரப்பர், ஒன்றையும் விடமாட்டார். அன்று வண்டி ஓடாது. அது ஓய்வு நாள். மறுநாள் விடிவதற்குள் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பெடல்களில் போட்டுத் தேய்ப்பது என் வேலை. டிரைவர் வந்து வெறுங்காலை வைத்துப் பார்ப்பார். துளி வழுக்கினாலும் என் மண்டையில் குட்டு விழும்.

பிள்ளையின் குடும்பத்தில் எண்ணெய் மட்டும் தங்கிவிட்டது. ஓய்வையும் சாம்பலையும் வழியில் எங்கோ விட்டுவிட்டார்கள். மாட்டு வண்டி இருந்தவரை அதனால் ஒன்றும் கெடவில்லை. மாட்டு வண்டிக்குப் பெடல் கிடையாது.

வார்டுக்குள் விட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையின் முகம் மெழுகு மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பேசியதெல்லாம் மலாயில்தான்.

"ஒனக்கு அடி இல்லையே?"

இல்லை என்றேன்.

"எண்ணெ வெச்சேன், அதான் ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே வெச்சேன். டயரு, உள்ள கால் வெக்கிற ரப்பரு, கறுப்பா இருக்கறது எல்லாத்துக்கும். இல்லைன்னா இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சிருக்கும், மணியம்."

நான் கையைப் பிடித்தபடி நின்றேன். காரைச் சரிசெய்வோம், கேப்டன் கிடக்கிறார், வேறு சவாரி கிடைக்கும், இனி ராஜா ஓட்டட்டும் என்று அவர் பேசிக்கொண்டே போனார். வருகிற பொங்கலுக்கு இன்னும் நன்றாகச் செய்வோம் என்றார். அப்போதுதான் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. அடுத்து அந்தப் பெடலில் கால் வைக்கப்போவது ராஜா.

"தவுக்கே," என்றேன். முதலாளியை இங்கே அப்படித்தான் அழைப்போம். "பெடலுக்கு மட்டும் வெக்கக் கூடாது. வெச்சா அன்னிக்கு வண்டிய எடுக்கக் கூடாது. மறுநாள் சாம்பல் போட்டுத் தேய்க்கணும். எங்க ஊர்ல அப்படித்தான். இன்னிக்கு என் கால் அதுலதான் வழுக்கிச்சு."

அவர் கை என் கையில்தான் இருந்தது. அதில் பிடி இல்லாமல் போனதை உணர்ந்தேன். கையை இழுத்துக்கொண்டு கேட்டார்.

"லைசென்ஸ் போயிடும்னு பயந்து சொல்றியா?"

"அதுக்கில்ல."

"அப்பறம் எதுக்கு? என் கால நானே வெட்டிக்கிட்டேன்னு சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தே?"

ராஜாவுக்காக என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஒங்க ஊர்ல எல்லாம் சரியா செய்வாங்க," என்றார். குரல் உயரவே இல்லை. "நாங்க இங்க பாதிதான். பேச்சும் பாதி, பூசையும் பாதி. கடையில ஒக்காந்து சிரிக்கிறாங்களே, அவங்ககிட்டப் போய் சொல்லு. நல்லா சிரிப்பாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ரெண்டு வருசம் என் சோறத் தின்னே. நீ சிரிக்க மாட்டேன்னு நெனச்சேன். பெட்டிய எடுத்துக்கிட்டுப் போ."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

6

பெட்டியை எடுக்கப் போனபோது ராஜா படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பெண்கள் அழும் சத்தம். பூட்ஸை அவனிடம் கொடுத்து அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன். முகர்ந்து பார்த்தான். இதை அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டான். சொன்னேன் என்றேன். இன்றைக்கே சொல்லியிருக்க வேண்டுமா என்று கேட்டான்.

அவன் பூட்ஸைப் படியில் வைத்தான். அடிப்பாகம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைத்தான். பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய் என் பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

ஆற்றங்கரையில் கனி நானா கடை. நம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம்; மலாக்காவில் மூன்று தலைமுறையாக அரிசி, பருப்பு வியாபாரம். பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உட்காரும் பெஞ்சு அந்தக் கடை வாசலில்தான் கிடந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் அங்கேதான் போனேன். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. செட்டி வீட்டுக் கார் எப்படிக் கவிழ்ந்தது என்று பெஞ்சில் இருந்தவர்கள் கேட்டார்கள். நான் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன் என்று சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

கனி நானா மட்டும் சிரிக்காமல் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளச் சொன்னார். விடிந்ததும் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். படகில் வந்த மூட்டைகளைக் கிடங்குக்கு ஏற்றும் மாட்டு வண்டி அங்கே நின்றது. வண்டிக்காரன் மூவாருக்குப் போனவன் திரும்பவில்லை என்றார்.

"காடி ஓட்டுன ஆளு. மாட்டு வண்டி ஓட்டுவியா தம்பி? இதுக்கு பிரேக்கும் கெடையாது, லைசென்ஸும் கேக்க மாட்டான்."

ஓட்டுவேன் என்றேன். வண்டிக்கு அடியில் தொங்கிய மூங்கில் குழாயைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே எண்ணெய். இரண்டு சக்கரத்தையும் கழற்றி அச்சுக்குப் போட்டுவிட்டு அப்புறம் பூட்டு, அந்த வண்டிக்காரன் போட்டு எவ்வளவு நாளாயிற்றோ என்றார்.

குந்தி உட்கார்ந்து அச்சு முழுவதும் தடவினேன். சக்கரங்களை ஏற்றி, கடையாணியை அடித்து, மாடுகளைப் பூட்டினேன். பிறகு கடை அடுப்படிக்குப் போய் ஒரு பிடி சாம்பல் அள்ளி, கைகளையும் உள்ளங்கால்களையும் வழுக்கல் போகும்வரை தேய்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.